வளைவில் அறுநூறு ரணகள்ளி

மச்சான் என்னை அடித்தபோது என் கையில் மடக்குக் கத்தி இருந்தது. முதல் அறை இடது கன்னத்தில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவதில் நான் மேசைமேல் சரிந்தேன். தட்டு ஒன்று கவிழ்ந்து, வெட்டி உலர வைத்திருந்த இலைகள் தரையில் சிதறின.

“கைல கத்தி வச்சிருக்கல்ல. ஒரு கீறல் போடு பார்ப்போம்,” என்றார்.

நான் கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டேன். குனிந்து இலைகளைப் பொறுக்கினேன்.

அவர் என் மனைவியின் அண்ணன். வெல்டர். அவள் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் வேலை பார்க்கும் நகராட்சி நாற்றங்காலுக்கு அவர் வந்தது அன்றுதான் முதல் முறை.

“அந்தப் பீப்பாய் ஜாமீன்ல வெளிய வந்துட்டான். மறுபடியும் அதே டேங்கரை ஓட்டுறான். டீக்கடையில நின்னு பழம் உரிச்சுத் திங்கிறான், என் கண்ணால பார்த்தேன். நீ என்னடான்னா இங்க உக்காந்து இலை நறுக்குற.”

“நறுக்கினாத்தான் நட முடியும் மச்சான்.”

“உன்னை மாதிரி ஒரு மரக்கட்டைக்குப் போய் என் தங்கச்சியைக் கொடுத்தேன் பாரு.”

நான்காவது அடிக்குக் கை ஓங்கினார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, கையை இறக்கிக்கொண்டார். முகத்தில் எதுவும் இருந்திருக்காது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேம்பாலத்துக்குக் கீழே சாலை வளைகிறது. வளைவு முடியும் இடத்தில், சாலை நடுத்திட்டில் இருந்த அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட டேங்கர் நின்றிருந்தது. பின்னால் சிவப்புக் கொடியுடன் நிற்க வேண்டிய ஆள் அன்று வரவில்லை. டிரைவரே இறங்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். குட்டையான, அகலமான மனிதர். டேங்கர் ஓட்டுகிறவர்கள் அவரைப் பீப்பாய் என்று கூப்பிடுவார்கள். என் மனைவி ஸ்கூட்டரில் வந்தாள். டேங்கரின் பின்புற இரும்புச் சட்டம் அவள் கழுத்து உயரத்தில் இருந்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் காயங்களைப் பற்றி மூன்று வரி. நான் இரண்டு வரி படித்தேன்.

டேங்கர் ஏன் அங்கே நின்றது? அரளிக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் கேட்காத செடி அங்கே இருந்தால் டேங்கர் அந்த வளைவில் நிற்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் எனக்கு வந்த ஒரே யோசனை இதுதான். வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

சாலைப் பிரிவு இஞ்சினியர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மேசைமேல் ஒரு ரணகள்ளிச் செடியை வைத்தேன். ஊருக்கு வெளியே குன்றுகளில், பாறை இடுக்குகளில் தானாக முளைக்கிற செடி. இலை விரல் தடிமன். தண்ணீரை இலைக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும்.

“அழகா இருக்குமா?” என்று கேட்டார்.

“மஞ்சளாப் பூக்கும். பட்டாம்பூச்சி வரும்.”

“எத்தனை நாள் தண்ணி இல்லாம நிக்கும்?”

“நட்டுட்டு நீங்க மறந்துடலாம்.”

அவர் சிரிக்கவில்லை. “வளைவுல மட்டும் அறுநூறு செடி நடுங்க. மூணு மாசம். ஒரு சொட்டுத் தண்ணி விடக் கூடாது. நானே வந்து எண்ணுவேன். நானூத்தி ஐம்பது உயிரோட இருந்தா டேங்கரை அந்த வளைவுல நிறுத்த மாட்டேன். ஒண்ணு குறைஞ்சாலும் பழையபடி அரளிதான்.”

அறுநூறு செடியை நானே உண்டாக்கினேன். இது கொஞ்சம் குரூரமான வேலை. நல்ல இலையாகப் பார்த்துக் காம்போடு வெட்டி எடுக்க வேண்டும். உடனே மண்ணில் வைத்தால் வெட்டுவாயில் ஈரம் ஏறி அழுகிவிடும். நிழலில் ஐந்து நாள் போட்டு வைக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு, பாதிக்குப் பாதி மணலும் சல்லியும் கலந்த மண்ணில் வைக்க வேண்டும். அப்போதும் ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது. தாகத்தில்தான் வேர் விடும்.

மச்சான் கவிழ்த்தது அந்தத் தட்டைத்தான். அன்று பதினோரு இலைகள் நசுங்கின. வேறு பதினொன்று வெட்டினேன்.

நடுத்திட்டில் இருந்த அரளிகளைக் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கி எறிந்தேன். இரண்டு நாள் ஆயிற்று. உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. வலி கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. இருபுறமும் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. திட்டு நெடுகிலும் ரணகள்ளியை நட்டு முடித்தேன். டேங்கரின் பின்சட்டம் நின்ற இடத்தில் சிமெண்ட் விளிம்பு உடைந்திருந்தது. அங்கேயும் நட்டேன்.

ஒன்றரை மாதத்தில் பூ வந்தது. அதற்கு முன்பே பட்டாம்பூச்சிகள் வந்துவிட்டன. விரல் நகத்தளவு. மேலே கறுப்பு, ஆரஞ்சுத் திட்டு. கீழே வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள். இலைக்கடியில் முட்டையிடும். புழு இலையைத் துளைத்து உள்ளே போய், இரண்டு தோலுக்கும் நடுவே இருக்கும் சதையைத் தின்னும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காலியான இலைக்குள் புழு நகர்வது தெரியும். செடிக்கு இரண்டு மூன்று இலை போகும். செடி சாகாது. உள்ளே இருந்துகொண்டே தின்னும் ஒன்றைச் சுமந்துகொண்டு அது பாட்டுக்குப் பூக்கும்.

வெயில் ஏற ஏற இலைகள் சிவந்து சுருங்கின. தாக்குப்பிடிக்கிறது என்று அர்த்தம். எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்த மாதங்களில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது இங்கே மட்டும்தான்.

மூன்று மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, உடைந்த விளிம்புப் பக்கத்தில் செடிகள் சரியத் தொடங்கின. இலை கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. தொட்டால் நீராக ஒழுகியது. தண்டின் அடி கறுப்பு. மழை பெய்யவில்லை. மண்ணைத் தோண்டினேன். நான்கு விரல் ஆழத்துக்கு ஈரம். மறுநாள் எண்ணினேன். அறுபது செடி. அதற்கு மறுநாள் தொண்ணூறு.

யாரோ தண்ணீர் ஊற்றிக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

பட்டறையில் மச்சானிடம் சொன்னேன். அவர் முகமூடியைத் தூக்கினார். வெல்டிங் வெளிச்சத்தில் கண்கள் சிவந்திருந்தன.

“யாரோன்னு ஏன் சொல்ற? டேங்கர் போச்சுன்னா எவன் பொழப்பு போகும்? அவன்தான். ஒரு கொலை பத்தல அவனுக்கு.” கையில் இருந்த இரும்பைத் தரையில் எறிந்தார். “இப்பவாவது சூடு வருதா உனக்கு?”

“காலைல போய்ப் பார்ப்போம்.”

“பார்க்கறதா? வெட்டிக் கூறு போட்டுர்றேன் அவனை.”

விடிந்து ஆறரை மணிக்கு மேம்பாலத் தூணுக்குப் பின்னால் நின்றோம். மச்சான் ஒரு இரும்புக் குழாய் கொண்டுவந்திருந்தார். நான் நாற்றங்காலிலிருந்து வந்ததால் களைக்கொத்து கையில் இருந்தது. அதற்காக எடுத்து வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை.

பீப்பாய் சைக்கிளில் வந்தார். இரண்டு பக்கமும் இருபது லிட்டர் கேன். இறங்கி, ஒரு கேனைச் சுமந்துகொண்டு சாலையைக் கடந்து, உடைந்த விளிம்புக்குப் போனார். மூடியைத் திறந்தார். முதல் செடியின் அடியில் ஊற்றினார். நிதானமாக ஊற்றினார்.

மச்சான் என் தோளைப் பிடித்து, “நான் போறேன், நீ நில்லு,” என்றார். நான் அதற்குள் சாலையில் இருந்தேன்.

களைக்கொத்தின் மொட்டைப் பக்கத்தால் அடித்தேன். முதல் அடி தோள்பட்டையில். காய்ந்த குச்சி முறிகிற சத்தம் வந்தது. அவர் கத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்துகொண்டார். இரண்டாவது அடி முழங்கையில். அவர் செடிகள்மேல் விழுந்தார். நான் அவர்மேல் ஏறி நின்றேன். மூன்று, நான்கு. வாயில் பட்டது. பல் ஒன்று வெளியே வந்தது.

“சார்,” என்றார். வாயில் ரத்தம் நிறைந்திருந்தது. “செடி காயுது சார். இலையெல்லாம் செவந்துபோச்சு. இதுக்கு மட்டும் தண்ணி விடக் கூடாதுன்னு ஆபீஸ்ல ஆர்டராம். செத்துப்போன உங்க வீட்டம்மாவுக்காக வச்ச செடின்னு சொன்னாங்க. அதான் நானே வீட்ல புடிச்சு...”

எனக்குக் காதில் விழுந்தது. புரிந்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை அடித்தேன். இப்போதும் நான் எண்ணுவது அந்த இரண்டைத்தான்.

மச்சான் ஓடி வந்து ஒரு உதை விட்டார். பிறகு பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தார். “போதும் மாப்ள. செத்துருவான் மாப்ள. விடு, என் தங்கச்சி மேல ஆணை, விடு.” இழுத்துக்கொண்டு போய்ச் சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளினார். தூணுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

கேன் கவிழ்ந்து தண்ணீர் முழுவதும் திட்டில் பரவியிருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் வந்தது. ஈரமண்ணில் பட்டாம்பூச்சிகள் இறங்கின. மண்ணில் உப்பு இருக்கும், உறிஞ்ச வரும். ரத்தத்திலும் உப்பு உண்டு. அவர் கன்னத்தில் இரண்டு உட்கார்ந்திருந்தன. இறக்கையை மூடி மூடித் திறந்தன. அவர் விரட்டவில்லை. கையைத் தூக்க முடியவில்லை.

ஆட்டோ பிடித்து மச்சான்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

போலீஸ் வரும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். வரவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று மச்சான் விசாரித்துச் சொன்னார்.

இஞ்சினியர் எண்ண வருவதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. நான் மறுபடி எண்ணினேன். அழுகியவை நூற்று ஐம்பத்தெட்டு. அன்று காலை மிதித்து நசுக்கியவை பத்தொன்பது. தானாகச் செத்தவை நான்கே நான்கு. உயிரோடு இருந்தவை நானூற்றுப் பத்தொன்பது. முப்பத்தொன்று குறைந்தது.

தண்ணீர் ஊற்றியதால்தான் அழுகியது என்று நான் சொன்னால் இஞ்சினியர் நம்பத் தேவையில்லை. செடி தோற்றால் நட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஊற்றியவரே சொல்ல வேண்டும்.

அவர் வீடு ஒரு மாடிப் படிக்கட்டின் கடைசியில் இருந்தது. ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின். அவர் மனைவி தைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று கேட்கவில்லை. மெஷினை நிறுத்தி, துணி அளக்கும் மரக்கோலை எடுத்து, என் முதுகில் அடித்தார். நான் நின்றேன். கோல் முறியும் வரை அடித்தார். முறிந்த பாதியையும் என்மேல் எறிந்தார்.

“எதுக்குடா வந்தே? மிச்ச எலும்பு எத்தனை இருக்குன்னு எண்ணிட்டுப் போகவா?”

“அவரை உக்காரச் சொல்லு,” என்றார் பீப்பாய், கட்டிலிலிருந்து. தோளிலிருந்து இடுப்பு வரை கட்டு. முன்பல் இருந்த இடம் ஓட்டை.

“உக்கார வைக்க இவன் என்ன பொண்ணு பார்க்க வந்திருக்கானா?”

நான் வாசலருகே தரையில் உட்கார்ந்தேன். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

“போலீஸ்ல ஏன் சொல்லலை?” என்று கேட்டேன்.

“ஏற்கெனவே ஒரு கேஸ் ஓடுது. இன்னொரு தடவை அந்த வாசப்படி மிதிக்க எனக்குத் தெம்பில்ல.” என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். “செடி எப்படி இருக்கு?”

“நீங்க ஊத்தின பக்கம் செத்துருச்சு.”

“தண்ணி பத்தலையா?”

“தண்ணி ஊத்தினதாலதான் செத்துச்சு. இலை சிவந்தா அது நல்லா இருக்குன்னு அர்த்தம். அதுக்குத் தண்ணியே ஆகாது.”

மனைவி மெஷின்மேல் கையை வைத்தபடி நின்றார்.

“அந்த இடத்துல எனக்குத் தண்ணியே ராசியில்ல,” என்றார் பீப்பாய். “தினமும் ரெண்டு கேன். மாடிப்படி இறக்கி. இவ திட்டுவா, நமக்கே குடிக்கத் தண்ணி இல்லன்னு.”

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். இஞ்சினியரிடம் அவர் வந்து, நான்தான் ஊற்றினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அழுகியதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். டேங்கர் இனி அந்த வளைவில் நிற்காது.

“அடப் பாவி,” என்றார் அவர் மனைவி. “கையை ஒடிச்சுட்டு, அதே கையால கையெழுத்துக் கேட்கற. டேங்கர் நிக்கலன்னா இவருக்கு வேலை ஏது?”

“இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எந்த ஸ்டீயரிங்கைத் திருப்பப் போறேன்?” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “நான் ஊத்தினதைச் சொல்றேன். ஆனா எனக்கு எலும்பு எப்படி ஒடிஞ்சுதுன்னு நீ சொல்லணும். ரெண்டும் ஒரே இடத்துல நடந்தது. பாதியை மட்டும் சொல்ல எனக்கு வாய் வராது.”

“சொல்றேன்.”

“யோசிச்சுச் சொல்லு. உள்ள போடுவாங்க.”

“யோசிச்சாச்சு.”

“நீ யோசிக்கற ஆளா இருந்தா நான் இப்படிப் படுத்திருக்க மாட்டேன்,” என்றார்.

மச்சானிடம் சொன்னபோது வெல்டிங் கம்பியைக் கீழே போட்டார். “மாப்ள, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? அவனே மூடி மறைச்சுட்டான். நீ ஏன் கிளறுற?”

“டேங்கர் அங்க நிக்கக் கூடாது.”

“நானும் இருந்தேன்னு சொல்லுவியா?”

“நீங்க என்னைப் பிடிச்சு இழுத்தீங்கன்னு சொல்வேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஒரு உதை விட்டேனே.”

“அது என் முழங்கால்லதான் பட்டுச்சு மச்சான்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவள் இறந்த பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. அடித்துத்தான் பார்த்திருக்கிறேன்.

இஞ்சினியர் காலை ஒன்பது மணிக்கு வந்தார். குடையை மடக்கி வைத்துவிட்டுத் தானே எண்ணினார். குனிந்து ஒவ்வொன்றின் அடியையும் விரலால் தட்டிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. காலியான இலை ஒன்றைப் பிய்த்து, “பூச்சி விழுந்திருக்கே,” என்றார். உள்ளே புழு நெளிவதைக் காட்டினேன். இலையைப் பழையபடி செடியடியில் வைத்தார்.

“நானூத்திப் பத்தொன்பது,” என்றார். “சொன்னேன்ல. ஒண்ணு குறைஞ்சாலும்னு.”

பீப்பாய் ஆட்டோவிலிருந்து இறங்கினார். மனைவி ஒரு பக்கம் பிடித்திருந்தார். உடைந்த விளிம்பு வரை நடந்து வந்தார். ஊற்றியதைச் சொன்னார். எந்தச் செடியிலிருந்து எந்தச் செடி வரை என்று இடது கையால் காட்டினார். இஞ்சினியர் அந்த எல்லையில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்கம் காய்ந்த மண்ணில் சிவந்த இலைகள்.

“சரி. இதெல்லாம் கணக்கில் வராது. இந்தப் பத்தொன்பது? இது அழுகலையே. மிதிச்ச மாதிரி இருக்கு. மாடு ஏறிச்சா?”

பீப்பாய் என்னைப் பார்த்தார். அவர் மனைவி வேறு பக்கம் பார்த்தார். மாடு என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

“நான்தான் மிதிச்சேன்,” என்றேன். “இவரை இங்க வச்சு அடிச்சேன். தோள், முழங்கை, பல். களைக்கொத்தால. காரணத்தை இவர் சொன்ன பிறகும் ரெண்டு அடி அடிச்சேன். மச்சான் இழுக்கலன்னா கொன்னிருப்பேன்.”

இஞ்சினியர் பேனாவை மூடினார். திறந்தார். அழுகியதையும் மிதித்ததையும் கழித்து, மீதி நானூற்று இருபத்து மூன்றில் நானூற்றுப் பத்தொன்பது உயிர் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

“செடி ஜெயிச்சுருச்சு. இன்னையிலிருந்து இந்த வளைவுல டேங்கர் நிக்க வேண்டாம்னு டிப்போவுக்குச் சொல்லிடறேன்.” பிறகு போனைக் கையில் எடுத்தார். “நீங்க சொன்னதைக் கேட்டுட்டு நான் சும்மா போக முடியாது. புரியுதா?”

“புரியுது மேடம்.”

அவர் முதலில் டிப்போவுக்குப் பேசினார். அடுத்து ஸ்டேஷனுக்கு.

நான் திட்டின் விளிம்பில் உட்கார்ந்தேன். பீப்பாய் மெதுவாக, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். வலியில் முனகினார். அவர் மனைவி ஆட்டோ நிழலில் நின்று எங்கள் இருவரையும் ஒரே மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

“வலிக்குதா?” என்று கேட்டேன்.

“இல்ல, கூசுது,” என்றார். “கேட்கறான் பாரு கேள்வி.”

மேம்பாலத்துக்குக் கீழிருந்து ஒரு டேங்கர் வந்தது. புது டிரைவர். பழக்கத்தில் வேகத்தைக் குறைத்து, திட்டை ஒட்டி வளைவுக்குள் ஒதுங்கினான். பின்சட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் எழுந்துவிட்டேன்.

பீப்பாய் உட்கார்ந்தபடியே இடது கையைத் தூக்கினார். “போ, போ. இங்க நிக்காத, போய்க்கிட்டே இரு,” என்று வீசிக் காட்டினார். டிரைவர் எட்டிப் பார்த்தான். கியர் மாற்றும் சத்தம் கேட்டது. டேங்கர் நிற்காமல் போயிற்று. அதன் பின்னால் வளைந்து வந்த ஒரு ஸ்கூட்டரும் போயிற்று.